தூக்காத கை

வாளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பது ஒட்டீலியாவின் வேலை. அவள் புருஷன் ஆல்பின் அதை வருஷத்துக்கு ஒரு நாள் இடுப்பில் கட்டுவான். மற்ற நாளெல்லாம் அலமாரிக்குப் பின்னால் ஒட்டடை பிடித்துக் கிடக்கும். ஏப்ரல் கடைசி ஞாயிறு, சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் ஊர்ச் சதுக்கத்தில் மாநிலச் சபை கூடும். கயிறு கட்டிய வளையத்துக்குள் நுழைய ஆம்பளைகளுக்கு அந்த வாள்தான் அடையாளச் சீட்டு. வாள் கட்டியவனுக்கு ஓட்டு உண்டு, துடைத்துக் கொடுத்தவளுக்குக் கிடையாது. கேட்டீர்களா நியாயத்தை!

ஏதோ ராஜா காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. நாடு முழுவதற்குமான தேர்தல்களில் சுவிஸ் பெண்கள் ஓட்டுப் போடத் தொடங்கி இருபது வருஷம் ஆகப்போகிறது. போன நவம்பரில்தான், இந்த நாட்டுக்கு ராணுவமே வேண்டுமா வேண்டாமா என்று ஒட்டீலியா வீட்டுக்குச் சீட்டு அனுப்பிக் கேட்டார்கள். அவளும் யோசித்துப் பதில் போட்டாள். ராணுவத்தைப் பற்றி முடிவு சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் வீட்டு வாசலில் போகிற சாலையைப் பற்றிச் சொல்லத் தெரியாதாம். சாலை மாநில விஷயம். மாநில விஷயத்தைச் சபை பார்த்துக்கொள்ளும். சபை ஆம்பளைகளுக்கு.

பெண்களைச் சேர்க்கலாமா என்று அந்த ஆம்பளைகளிடமே இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும் மாட்டோம் என்றுதான் கை தூக்கினார்கள். நாளைக்கு மூன்றாவது முறை. ஆனால் இந்தத் தடவை ஒட்டீலியாவுக்குப் பழைய பயம் இல்லை. ஆல்பின் வாக்குக் கொடுத்திருந்தான்.

அந்த வாக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். போன குளிர்காலம் முழுக்க ஊரே டெலிவிஷன் முன்னால்தான் கிடந்தது. பெர்லினில் சுவர் விழுந்தது, பிராகில் சதுக்கம் நிரம்பியது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் ருமேனியாவின் புக்கரெஸ்டில் சுட்டார்கள். சுட்ட பிறகும் ஜனம் கலையவில்லை. தலையில் முக்காடு கட்டிய பெண்கள் மெழுகுவர்த்தியோடு சிப்பாய்களின் முகத்துக்கு நேரே போய் நின்றார்கள். ஆல்பின் அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். மாட்டுத் தீவனக் கடை வைத்து, பேரம் பேசியே உரம் ஏறிப்போன மனுஷன், மூக்கைச் சிந்திக்கொண்டு மனைவியின் கையைப் பிடித்தான்.

"ஒட்டீலியா, ஏப்ரல்ல என் கை மேல போகும். சத்தியமாச் சொல்றேன். போன ரெண்டு தடவையும் தப்புப் பண்ணிட்டேன்."

"குடிச்சிருக்கியா?"

"காப்பிதான் குடிச்சேன். எவன் என்ன சொன்னாலும் சரி, மேல போகும்."

அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த எந்தச் சாமானும் அவளை அப்படிக் கலங்க வைத்ததில்லை.

அதற்குப் பிறகு ஊருக்கே சுதந்திரக் காய்ச்சல் பிடித்தது. ருமேனியாவில் ஒரு கிராமத்தைத் தத்து எடுத்தார்கள். உதவிக் குழு அமைத்தார்கள், ஆல்பின் தலைவர். துணி சேகரித்தது, கிழிசல் தைத்தது, பால் மாவுப் பெட்டிகளைக் கட்டியது, லாரியில் ஏற்றியது எல்லாம் பெண்கள். மேடை ஏறியது ஆம்பளைகள். மாதா கோயில் மண்டபத்தில் ஆல்பின் பேசினான்: "சுதந்திரம்னா என்னன்னு அவங்களுக்கு இப்பத்தான் தெரியுது. நமக்கு அறுநூறு வருஷமாத் தெரியும்!" கைதட்டல் அடங்கவே இல்லை. ஒட்டீலியா பின்வரிசையில் சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். அந்த அறுநூறு வருஷத்தில் தன் பங்கு எத்தனை நாள் என்று ஒரு கணம் யோசித்தாள். சரி, ஏப்ரல் வரட்டும் என்று அடுத்த பெட்டியை எடுத்தாள்.

அவளுடைய தம்பி வென்டெலின் மட்டும் பிடி கொடுக்கவில்லை. ஊரில் பால் சங்கத்துக்கு அவன்தான் எல்லாம். அவன் தலையை ஆட்டினால் பத்துப் பேர் ஆட்டுவார்கள். ருமேனியாவுக்கு மெத்தையும் கம்பளியும் கொட்டிக் கொடுத்தவனும் அவன்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"பாத்தியாக்கா, உலகமே நம்மளப் பாத்துத்தான் கத்துக்குது" என்பான், அவள் சுட்டுவைத்த சீஸ் அடையை விழுங்கியபடி.

"அப்ப எனக்கு எப்படா?"

"அது வேற விஷயம். சதுக்கத்துல எடம் எங்க இருக்கு? நீங்களும் வந்தா நிக்கவே முடியாது."

"அம்புட்டுப் பெரிய ராணுவத்தப் பத்தி என்னக் கேக்க முடியுது, எனக்கு ரெண்டு காலு வைக்க எடம் இல்லையா?"

"நம்ம பொம்பளைங்களே கேக்கலையே அக்கா! நீயும் இன்னும் நாலு பேரும்தான் ஆடுறீங்க. இதெல்லாம் வெளியூர்க்காரன் தூண்டி விடுறது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது துண்டுக்குத் தட்டை நீட்டுவான். அவள் வெட்டி வைப்பாள். தம்பியாயிற்றே, என்ன செய்வது!

தத்துக் கிராமத்திலிருந்து ஒருவரை விருந்தாளியாக வரவழைத்துச் சபையைக் காட்டலாம் என்பது ஆல்பினின் யோசனை. "உண்மையான ஜனநாயகம் எப்படி இருக்கும்னு அவங்க கண்ணால பாக்கட்டும்" என்றான். அந்தக் கிராமத்துத் தற்காலிகக் குழுவின் தலைவர் குனேஷ் என்ற பள்ளி ஆசிரியர் என்று தகவல் வந்தது. பரம்பரையாக அங்கேயே வாழ்கிற ஜெர்மன்காரக் குடும்பமாம், பேச்சுக்கும் கஷ்டமில்லை. சதுக்கத்தின் ஓரத்தில் விருந்தினர்களுக்கென்று போடும் பலகை மேடையில் அவருக்கு ஓர் இடம் பேசி வைத்தார்கள். சுருட்டுப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தார்கள். ராத்திரி சீட்டாட்டத்துக்கு அவரை யார் ஜோடி சேர்ப்பது என்றுகூடச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ரயிலிலிருந்து பழுப்புக் கோட்டுப் போட்ட ஒல்லியான அம்மாள் ஒருத்தி இறங்கினாள். ஆல்பின் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.

"குனேஷ் வரலீங்களா?"

"நான்தாங்க குனேஷ். ஹெர்மினெ குனேஷ்."

"இல்ல... குழுத் தலைவரு..."

"நான்தான். ஏன், வேற யாராச்சும் வரணுமா?"

ஒட்டீலியா சிரிப்பை அடக்க இருமினாள். ஆல்பின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. குழு அன்று சாயங்காலமே அவசரமாகக் கூடியது. முடிவு என்ன தெரியுமா? பலகை மேடையில் ஒரே ஆம்பளைக் கூட்டமாக இருக்குமாம், அம்மணிக்குச் சங்கடமாம். அதனால் சதுக்கத்தை ஒட்டிய மருந்துக் கடை மாடி ஜன்னலிலிருந்து ஒட்டீலியாவோடு பார்க்கட்டுமாம், காட்சி இன்னும் நன்றாகத் தெரியுமாம். டிசம்பரில் பக்கத்து நகரத்தில் குண்டு பாய்ந்த தெருவில் நின்றவள் அவள், அவளுக்குச் சங்கடமாம்! சுருட்டுப் பெட்டியை வென்டெலின் தன் வீட்டுக்கு எடுத்துப் போனான்.

ஞாயிறு மத்தியானம் மணிகள் அடித்தன. வாத்தியக் குழு முன்னால் வர, கறுப்பு அங்கி போட்ட மாநிலத் தலைவர்கள் நிதானமாக நடந்து வந்தார்கள். சதுக்கம் முழுக்கத் தலைகள். இடுப்பில் வாள், மழை வந்தால் பிடிக்கக் கையில் குடை. கயிற்றுக்கு வெளியே பெண்கள், பிள்ளைகள், கேமரா தொங்கும் வெளியூர்க்காரர்கள். ஆல்பின் எப்போதும் நிற்கும் இடம் மருந்துக் கடைக்கு நேர் கீழே. ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் உச்சி வழுக்கையும் பக்கத்தில் வென்டெலினின் அகன்ற தோளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன.

முதலில் சத்தியப் பிரமாணம். சதுக்கத்தில் இருந்த அத்தனை பேரும் மூன்று விரலை நீட்டிக் கையைத் தூக்கினார்கள். ஒட்டீலியாவுக்கு வருஷா வருஷம் இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். இந்த வருஷமும் சிலிர்த்தது. திரும்பிப் பார்த்தால் ஹெர்மினெ குனேஷ் ஜன்னல் கட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. எல்லாக் கையும் ஒண்ணாப் போறதப் பாத்தா எனக்குப் பயந்தான் வரும். பழக்க தோஷம்."

"உங்க ஊர்லயும் கை தூக்குவாங்களா?"

"தூக்காம? கூட்டம் போட்டாலே தூக்கணுமே. தூக்கும்போது யாரும் மேடையப் பாக்க மாட்டோம். பக்கத்துல நிக்கிறவனத்தான் பாப்போம். அவன் தூக்கிட்டானா, நாமளும் தூக்கணும்."

ஒட்டீலியாவுக்கு அவள்மேல் இரக்கம் பொங்கியது. அதோடு ஒரு பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன். "இங்க அந்தப் பயமெல்லாம் கெடையாதுங்க" என்றாள். "இங்க அவனவன் மனசுல உள்ளதச் செய்வான். யாரும் யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல. இருந்து பாருங்க, என் வீட்டுக்காரர் கை தூக்குவாரு. எனக்காக."

"எனக்கு இன்னும் மூணு வாரத்துல தேர்தல்" என்றாள் ஹெர்மினெ. "வாழ்க்கையில மொதல் தடவையா நெசமான தேர்தல். உங்களுக்கு இன்னைக்கேவா? அப்ப நீங்க என்னை முந்திக்கிட்டீங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பெண்கள் விஷயம் வந்தது. யார் வேண்டுமானாலும் மேடை ஏறிப் பேசலாம். ஒரு சின்னப் பையனாட்டம் இருந்த வக்கீல் ஆதரித்துப் பேசினான். பனி உருகுகிற சத்தத்தைக் கேட்பது போல அக்கறையில்லாமல் எல்லோரும் கேட்டார்கள். பிறகு ஒரு பெரியவர் ஏறினார். உலகம் முழுக்க ஜனங்கள் சுதந்திரத்துக்காக ரத்தம் சிந்துகிறார்கள், நமக்கோ முன்னோர்கள் அதை முழுசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், இப்படிப்பட்ட நேரத்தில் வெளியிலிருந்து வருகிற அழுத்தத்துக்குப் பணிந்து இதில் ஒரு செங்கல்லையும் உருவக் கூடாது என்றார். ஆகா என்று ஆமோதித்தார்கள்! புக்கரெஸ்டில் மெழுகுவர்த்தி பிடித்த அந்தப் பெண்களைக் காட்டியே அப்பென்செல் பெண்களுக்குக் கதவைச் சாத்தினார் மனுஷன். ஒட்டீலியாவுக்குக் காது மடல் எரிந்தது.

"பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம்."

அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன. அவள் நினைத்ததைவிட அதிகம்தான். ஆனால் அவள் ஒரே ஒரு கையைத்தான் பார்த்தாள். ஆல்பினின் வலது கை இடுப்பிலிருந்து கிளம்பியது. வாள் பிடியைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது, தோளுக்கு வந்தது. "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று ஒட்டீலியா வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். அப்போது வென்டெலின் திரும்பினான். முறைக்கக்கூட இல்லை. சும்மா திரும்பிப் பார்த்தான். ஆல்பினின் கை காதுக்குப் போனது. காது மடலைச் சொறிந்தது. சட்டைக் காலரை இழுத்துவிட்டது. பிறகு இறங்கிப் பழைய இடத்துக்கே போய்விட்டது.

"மறுப்பவர்கள்?"

சதுக்கமே கையாக நின்றது. அதில் ஆல்பினின் கையும் இருந்தது. இந்தத் தடவை காது கழுத்து என்று எங்கும் நிற்காமல் நேரே போனது. எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ஹெர்மினெயும் அதே கையைத்தான் பார்த்திருந்தாள். ரயிலடியில் தன்னைத் தாண்டி எட்டிப் பார்த்தவனின் வழுக்கை அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது.

சாப்பாடு விடுதியின் மேல்மாடிக் கூடத்தில். குழுவின் ஆம்பளைகள் வாளைக் கழற்றிச் சுவரில் சாத்திவிட்டுப் பீர் கோப்பைகளோடு உட்கார்ந்தார்கள். சபை முடிந்தால் வீட்டுக்காரிக்கு இனிப்பு வாங்கிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். கொட்டைப் பருப்புப் பூரணம் வைத்த பலகாரம். காகிதப் பொட்டலங்கள் மேஜைமேல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஆல்பினும் ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டீலியாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். அவள் முகத்தைப் பார்க்காமலேயே வைத்தான்.

வென்டெலின் கோப்பையைத் தூக்கினான். "அம்மணி, ஊருக்குப் போய்ச் சொல்லுங்க. ஜனங்க நேருக்கு நேர் நின்னு, ஒளிவுமறைவு இல்லாம கை தூக்கி முடிவு பண்றாங்க. உலகத்துல வேற எங்க பாப்பீங்க?"

ஹெர்மினெ எழுந்தாள். கம்பளிக்கும் பால் மாவுக்கும் மனசார நன்றி சொன்னாள். அந்தப் பால் மாவு இல்லாவிட்டால் சில குழந்தைகள் இன்று இல்லை என்றாள். அது உண்மையும்கூட. பிறகு, "ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதீங்க" என்றாள். "மூட்டை கட்டி அனுப்புனது உங்க வீட்டுப் பெண்கள். அவங்களுக்காக இன்னைக்கு யாரெல்லாம் கை தூக்குனீங்க? அவங்க கையப் புடிச்சு ஒரு நன்றி சொல்லிட்டுப் போறேன்."

ஆம்பளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் தூக்குனேன்" என்றான் தபால்காரன்.

"நானும்தான். மத்தவங்கதான் கெடுத்துட்டாங்க" என்றான் ஆட்டுப்பண்ணைக்காரன்.

"நான் ரெண்டு கையும் தூக்கலாமான்னு பாத்தேன்!" என்றான் இன்னொருத்தன். சிரிப்புக் கிளம்பியது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தக் கூடத்துக் கணக்கைப் பார்த்தால் தீர்மானம் அமோகமாக நிறைவேறியிருக்க வேண்டும். வென்டெலின் ஒருத்தன்தான் கையைக் கட்டிக்கொண்டு, "நான் தூக்கல. சொன்னதச் செஞ்சேன்" என்றான். அவனிடம் அந்த நேர்மையாவது இருந்தது.

ஹெர்மினெ ஆல்பினைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். குழுத் தலைவர் அல்லவா!

"நானும் தூக்குனேன்" என்றான் ஆல்பின்.

ஒட்டீலியாவுக்கு அதுவரை கோபம் வந்ததென்று சொல்ல முடியாது. ஏதோ செத்த வீட்டு அசதிதான் இருந்தது. இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் அவளுக்குக் கால் முதல் தலைவரை பற்றிக்கொண்டது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழும்படி எழுந்தாள்.

"இல்ல. நீ தூக்கல. மேல இருந்து நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். காதச் சொறிஞ்ச."

"ஒட்டீலியா, இங்க வேண்டாம்."

"வேற எங்க வேணும்? சதுக்கத்துல பேச எனக்கு உரிமை இல்ல, இங்கயும் வேண்டாம்னா எங்க போய்ப் பேசுறது, மாட்டுக் கொட்டகையிலயா? மாட்டேன்னு தூக்கும்போது மட்டும் கை நேராப் போச்சே, அப்பக் காது அரிக்கலையா?"

ஆல்பின் கோப்பையைத் தள்ளி வைத்தான். பாவம், பொய் சொல்லியும் பழக்கமில்லாதவன். "எல்லாரும் பாத்தாங்க ஒட்டீலியா" என்றான் தாழ்ந்த குரலில். "கடைக்கு வர்றவங்க பூரா சுத்தி நிக்கிறாங்க. நான் ஒருத்தன் மட்டும் தூக்கிட்டு நின்னா, நாளைக்கு எப்படி... உனக்கே தெரியும்ல?"

"தெரியும். இந்த அம்மா ஊர்லயும் இதத்தான் சொல்லுவாங்களாம், பக்கத்துல நிக்கிறவன் பாத்தான்னு. ஆனா அங்க பாத்தவன் பின்னால துப்பாக்கி இருந்துச்சு ஆல்பின். வீட்டுக்கு ராத்திரி போலீஸ் வண்டி வந்துச்சு. உன்னப் பாத்தது யாரு? என் தம்பி! என் வீட்டு மேஜையில ஒக்காந்து சீஸ் திங்கிறவன்! இவன் பார்வைக்கு நீ பயந்த. அப்புறம் மேடை ஏறி நமக்கு அறுநூறு வருஷமாச் சுதந்திரம் தெரியும்னு அந்த ஜனங்களுக்குப் பாடம் எடுக்குற. வெக்கமா இல்ல?"

தபால்காரனின் மனைவி பொட்டலத்தைப் பிரிப்பதை நிறுத்தினாள். "ஏன்யா," என்று புருஷன் பக்கம் திரும்பினாள், "நீ எங்க நின்ன?" தபால்காரன் சூப்பை ஆராய்ந்தான்.

"அக்கா, போதும்" என்றான் வென்டெலின். "விருந்தாளி முன்னாடி ஊர் மானத்த வாங்காத."

"விருந்தாளிக்கு நாற்காலி குடுக்காம ஜன்னலுக்கு அனுப்புனப்பவே அது போயிருச்சுடா. இப்ப நான் சொல்றத நல்லாக் கேட்டுக்கோ. லோசான்ல நாட்டுக்கே பெரிய கோர்ட்டு இருக்கு. பொம்பளைங்க கொஞ்சப் பேரு ஓட்டுரிமை கேட்டு வழக்குப் போடப் போறோம், நீயும் சேர்றியான்னு என்கிட்ட வந்து கேட்டாங்க. என் வீட்டுக்காரர் கை தூக்குவாரு, கோர்ட்டு எல்லாம் வேண்டாம், நம்ம ஊரு நம்மள ஏமாத்தாதுன்னு திருப்பி அனுப்பிட்டேன். நாளைக்கு நானே போயி கையெழுத்துப் போடுறேன்."

"சொந்த ஊரக் கோர்ட்டுக்கு இழுப்பியா? வெளியூரு நீதிபதி வந்து நமக்குப் புத்தி சொல்லணுமா?"

"சொல்லட்டும். நாம ருமேனியாக்காரங்களுக்குச் சொல்லலையா?"

ஹெர்மினெ மெல்ல எழுந்து, விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தினாள். ஒட்டீலியா ஆல்பினுக்கு எதிரே போய் நின்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவன். டெலிவிஷன் முன்னால் அழுதவன். அந்த அழுகை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஆல்பின், அந்த வழக்குல ஆம்பளைங்களும் சேரலாமாம். வக்கீல் வீட்டு ரூம்ல, ஒரு மேஜை முன்னாடி ஒக்காந்து கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான். சதுக்கம் இல்ல, கூட்டம் இல்ல. நீ என்கூட வர்றியா?"

ஆல்பினின் கண் கலங்கியது. வாயைத் திறந்தான். பதில் சொல்வதற்கு முன்னால் வென்டெலினின் முகத்தைப் பார்த்தான்.

ஒட்டீலியா கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்க நிற்கவில்லை.